பச்சைமுத்துவின் இடப்பக்கம்

கோட்டை மேல் ஒல்லாந்தர் கொடி பறந்துகொண்டிருந்த காலத்தில், பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பச்சைமுத்து என்று ஒருவன் இருந்தான். அவனிடம் குறையே கிடையாது. இதைச் சொன்னது ஊர் அல்ல, அவனே சொன்னான். சொன்ன இடம்தான் பிசகு.

அந்த ஊரில் குறை சொல்வது வேலையில் ஒரு பகுதி. ஏரியில் மீன் கூடுகிற இடங்கள் சில உண்டு. எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் மீனைவிட உடைந்த மண்டைகள் அதிகம் கிடைக்கும் என்பதால், ஒரு வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்திருந்தார்கள். அதற்குப் பாடு என்று பெயர். தண்ணீரில் வரிசையாக நட்டிருக்கும் கழிகள் ஊருக்குப் பொது. அன்றைய பாடு யாருடையதோ அவன் மாலையில் தோணியில் போய், சாய்ந்த கழியை நிமிர்த்தி, தன் வலையைக் கழிக்குக் கழி கட்டிவிட்டு, விடிந்ததும் மீனோடு அவிழ்த்துக்கொண்டு வருவான். வந்தவன் கூடையை இறக்குவதற்கு முன் அம்மன் கோயில் எதிரே நின்று குறை சொல்ல வேண்டும். எந்தக் கழி ஆடுகிறது, எங்கே சேறு இளகிக் கிடக்கிறது, தான் எதைச் சரியாகச் செய்யாமல் வந்தான் என்று அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். அடுத்த பாட்டுக்காரன் அதைக் கேட்டுக்கொண்டுதான் போவான். மற்றவர்கள் கண்டுபிடித்துச் சொன்னால் அது கணக்கில்லை.

இதில் ஆளுக்கு ஒரு பாணி. கருப்பன் தன் குறையைத் தொடங்கினால் அது எப்படியோ காற்றின் குறையாகப் போய் முடியும். துளசிங்கம் நிறைய இருமுவான். குறை இருமலுக்கு நடுவில் எங்கேயோ இருக்கும், கேட்பவர்கள் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். பச்சைமுத்து மட்டும் நேராகச் சொல்கிறவன் என்று பெயர் வாங்கியிருந்தான். மண்டையில் கப்பி விழுகிறவரைக்கும்.

ஒல்லாந்தரின் கப்பல்கள் கரைக்கு வராது. ஆழம் போதாமல் கடலிலேயே நிற்கும். சாயத்துணி மூட்டைகளைப் படகில் கொண்டுபோய் ஏற்றுவதற்குக் குப்பத்து ஆட்களைத்தான் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு நாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே போன கயிறு அறுந்தது. மூட்டை தண்ணீரில் விழுந்தது, கயிறு ஓடிய மரக்கப்பி பச்சைமுத்துவின் தலையில் வலப்பக்கமாக விழுந்தது. கப்பலில் இருந்தவர்கள் முதலில் மூட்டையைத்தான் தேடினார்கள் என்று கூடப் போனவர்கள் பின்னாளில் சொன்னார்கள்.

பல நாள் நினைவில்லாமல் கிடந்தான். பிறகு கண் விழித்து, "கஞ்சி எங்க?" என்றான். அவன் மனைவி அங்காளம்மாள் அழுதுகொண்டே கஞ்சி காய்ச்சினாள். கொஞ்ச நாளில் எழுந்து நடந்தான். பேச்சு பழையபடி வந்தது. அங்காளம்மாளின் தம்பி துளசிங்கத்தைத் திட்டும்போது ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. ஊரே நிம்மதி அடைந்தது.

முதலில் கவனித்தவள் அங்காளம்மாள்தான். குளித்துவிட்டு வந்து அம்மன் முன்னால் நின்று திருநீறு பூசினான். மூன்று விரல்கள் நெற்றியின் நடுவில் தொடங்கி வலது காதைப் பார்த்துப் போயின. இடது நெற்றி வெறுமையாக இருந்தது, வெள்ளையடிக்க வந்தவன் சாப்பிடப் போய்விட்ட சுவர் மாதிரி.

"இன்னாய்யா, பாதி நெத்தி பூசிக்கினு நிக்கிற?"

"நல்லாத்தான் பூசிகீறேன். உன் கண்ணுல இன்னா கோளாறு?"

அன்று வாசல் பெருக்கினான். வலப்பக்கம் கோலம் போடலாம் போல இருந்தது. இடப்பக்கம் நேற்றைய செதிலும் இறால் ஓடும் கிடந்த இடத்திலேயே கிடந்தன. நடுவே கயிறு பிடித்த மாதிரி ஒரு கோடு. மீன் கழுவி ஆய்ந்தான். அன்று குழம்பில் மீன்கள் தலைப்பக்கம் செதிலோடு மிதந்தன. இலையில் சோறு போட்டால் வலது பாதியை வழித்துத் தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடு" என்பான். இடது பாதியில் சோறு ஆவி விட்டுக்கொண்டு காத்திருக்கும்.

சுட்டிக்காட்டினால் கோபம் வரும், அல்லது காரணம் வரும். கோழி கலைத்தது, நீ இப்போதுதான் கொட்டினாய், நான் வேண்டுமென்றேதான் விட்டேன். காரணம் சொல்லும்போது அவன் முகத்தில் பொய்யின் சாயல் ஒரு துளியும் இருக்காது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பொய் சொல்லும்போது அவன் மூக்கு விடைக்கும் என்பது கல்யாணமான நாள் முதல் அவளுக்குத் தெரியும். இப்போது மூக்கு அசையவே இல்லை.

கோட்டையிலிருந்து ஒல்லாந்தர் வைத்தியர் ஒருவர் வந்து பார்த்தார். விரலை ஆட்டினார், மெழுகுத்திரியைக் காட்டினார். பச்சைமுத்து எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான். ஆள் நன்றாக இருக்கிறான் என்று துபாஷி பெயர்த்துச் சொன்னான். குடிசை குறுகலானது. வைத்தியர் பாவம், வலப்பக்கம் நிற்பதற்குத்தான் இடம் இருந்தது.

இந்த நிலையில் அவனுடைய பாடு வந்தது. அங்காளம்மாள் தடுத்துப் பார்த்தாள். கேட்கவில்லை. போனான், வலை கட்டினான், காலையில் ஒரே ஒரு கூடை மீனோடு வந்து கோயில் எதிரே நின்று தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு சொன்னான்:

"குறை ஒண்ணும் இல்ல."

 அப்படி ஒரு வாக்கியத்தை அந்த இடத்தில் யாரும் கேட்டதில்லை. பிறகு கருப்பன் சிரித்தான், எல்லாரும் சிரித்தார்கள். ஏனென்றால் விடியலில் அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருந்தார்கள். கழிவரிசையின் வலது பாதியில் வலை நெருக்கமாக, அழகாகக் கட்டியிருந்தது. இடது பாதியில் கட்டவே இல்லை, கழியெல்லாம் சாய்ந்து கிடந்தது. மீன்கள் வலைக்கு மரியாதை செய்துவிட்டு அந்தப் பக்கமாகக் கிளம்பிப் போயிருந்தன.

"மாமா, பாதி வலை சுருட்டினபடியே தோணில கீதே, பாக்கலியா?" என்றான் துளசிங்கம்.

"அது உபரி வலைடா."

ஊர்ப் பெரியதனக்காரர் தேசப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கழிவரிசையின் இடக்கோடி முகத்துவாரத்தைப் பார்த்து இருக்கிறது. ஏரித்தண்ணீர் கடலுக்கு ஓடும் நேரத்தில் அங்கே இழுப்பு பலமாக இருக்கும். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாத ஆள் அங்கே தோணி தள்ளினால், வலை மட்டுமா போகும்?

"பச்சைமுத்து, உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. உன் குறைய நீயே சொல்ற வரைக்கும் உனக்குப் பாடு கெடையாது. அது வரைக்கும் உன் மொறையில துளசிங்கம் போவான்" என்றார். "அடுத்த சுத்து வரும்போது இங்கயே கரையோரம் கழி நட்டுக் காட்டு. அப்ப பாக்கலாம்."

துளசிங்கத்துக்கு அன்று பெரிய சங்கடம். மாமன் தேற வேண்டும் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டான். கூடுதலாகக் கிடைத்த பாடு நல்லபடியாக நடக்க வேண்டும் என்றும் அதே அம்மனிடம் வேண்டிக்கொண்டான். அம்மன் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

பச்சைமுத்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். "என் பாட்டுமேல ஊருக்கே கண்ணு" என்றான். பாடு போன வீட்டுக்காரன் குப்பத்தில் பாதி ஆள். ஊர்க்கூட்டத்தில் பேசலாம், கேட்க மாட்டார்கள். அவனுக்கு அது கப்பியைவிடக் கனமாக விழுந்திருந்தது. அங்காளம்மாளுக்கு வேறு கவலை. பாடு திரும்பக் கிடைக்காவிட்டால் இவன் இப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பான். கிடைத்துவிட்டால் முகத்துவாரத்துக்குப் போவான்.

அவள் சண்டை போடுவதை நிறுத்தினாள். அதற்குப் பதிலாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். எந்த வேலை செய்யப் போனாலும் முன்னால் ஒரு கேள்வி, முடிந்ததும் ஒரு கேள்வி.

"வாசல் பெருக்கப் போறியா? எப்பிடி வரும்?"

"பெருக்குனா சுத்தமா வரும். வேற எப்பிடி வரும்?"

பெருக்கி முடித்ததும், "எப்பிடி வந்துச்சு?"

"சுத்தமா."

அவள் அவன் கையைப் பிடித்து இடப்பக்கம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவாள். அவன் செதில்களைப் பார்ப்பான். காலால் ஒன்றைத் தள்ளுவான். காற்று கொண்டுவந்தது என்பான். கருப்பனோடு சேர்ந்து சேர்ந்து இவனுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டதோ என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

வறுத்த மீனை வேண்டுமென்றே இலையின் இடக்கோடியில் வைத்தாள். கண்டுபிடித்தால் தின்னட்டும் என்பது அவள் திட்டம். பச்சைமுத்து வெறும் குழம்பில் பிசைந்து தின்றுவிட்டு, "இந்த வீட்ல மீன் புடிக்கிறவன் மட்டும் மீன் துன்னக் கூடாது" என்று முணுமுணுத்து எழுந்து போவான். இந்தத் திட்டத்தால் உடனடியாகப் பலன் அடைந்தது பூனை. அது நாளுக்கு நாள் உருண்டது. பக்கத்து வீட்டு இந்திராணி, "உங்க பூன முழுவாம இருக்குதா?" என்று விசாரித்தாள். அது கடுவன்.

இப்படியே போய்க்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அவன் சோறு தின்றுகொண்டிருந்தபோது கோட்டையில் பீரங்கி வெடித்தது. கப்பல் ஏதாவது வந்திருக்கும். பச்சைமுத்து சத்தம் வந்த திக்கில், இடப்பக்கமாக, உடம்போடு திரும்பினான். திரும்பிய இடத்தில் தன் இலையின் மேல் பூனை உட்கார்ந்திருந்தது. அதன் வாயில் பொன்னிறமாக வறுத்த மடவை மீன். வால் பக்கம் இன்னும் வெளியே இருந்தது. பூனை அவனைப் பார்த்தது. இத்தனை நாளும் இல்லாமல் இன்றைக்கு என்ன புதிதாகப் பார்க்கிறாய் என்பது போலப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் மென்றது.

"இத்த எப்போ வச்ச?" என்றான்.

"சோறு போடும்போதே."

"நேத்து?"

"நேத்தும்தான். மொந்தாநேத்தும்தான்."

அவன் பூனையின் வயிற்றைப் பார்த்தான். 

"அப்போ இது பெருத்தது..."

"எல்லாம் உன் பங்குதான்."

மறுத்துப் பேசுவான் என்று அவள் காத்திருந்தாள்.  அவனோ இடது கையை மெதுவாக நகர்த்தி, இலையின் ஓரம் எங்கே முடிகிறது என்று தடவிப் பார்த்தான். அவன் நினைத்திருந்ததைவிட இலை நீளமாக இருந்தது. கை போய்க்கொண்டே இருந்தது.

"அங்காளம், மத்ததெல்லாம் இன்னா? வாசல்ல மெய்யாலுமே பெருக்கலியா நானு?"

"பாதி."

"அன்னிக்கு வலை?"

"அதுவும் பாதி."

"எல்லாரும் சிரிச்சானுங்களே."

"ஆமா."

அவன் எழுந்து போய் ஏரியைப் பார்த்து உட்கார்ந்தான். அங்காளம்மாள் அவனுக்கு இடப்பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். வெகு நேரம் கழித்து, "எங்க போனா இவ?" என்று அவன் கேட்டபோது, "இங்கதான்" என்றாள். அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அப்புறம் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிகிற இடத்தில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது அவனுக்குத் தெரிந்தது. அந்த நேரம் திரும்பித்தான் இருந்தான்.

சிவப்புத் துணி யோசனை அவளுடையது. சாயக்காரர் தெருவில் வேரில் காய்ச்சிய சிவப்பில் ஒரு கிழிசல் வாங்கிவந்தாள். துடைப்பம் எடுக்கும்போது வாசலின் இடக்கோடியில் கட்டினாள். கிழிந்த வலையைப் பொத்தும்போது வலையின் இடது நுனியில் கட்டினாள். இலைக்கு இடப்பக்கம் தரையில் விரித்தாள். சட்டம் ஒன்றே ஒன்று. சிவப்பு கண்ணில் படாதவரை வேலை முடியவில்லை. பச்சைமுத்து தலையைத் திருப்பு திருப்பு என்று திருப்பி, அதைப் பார்த்ததும் "கெடச்சான்" என்பான், திருடனைப் பிடித்த காவலாளி மாதிரி. பூனை இளைத்தது.

"எப்பிடி வரும்?" என்ற கேள்விக்கும் இப்போது வேறு பதில்.

"இடப்பக்கம் ஒதைக்கும்."

"எப்பிடி வந்துச்சு?"

"நல்லாத்தான் கீது. அதனாலதான் பயமா கீது."

அடுத்த சுற்று வந்தது. கரையோரம், இடுப்பளவு தண்ணீரில் அங்கங்கே கழி நட்டுக் கொடுத்தார்கள். பச்சைமுத்து சாய்ந்ததை நிமிர்த்தி, வலை கட்டி, குறை சொல்ல வேண்டும். தேசப்பன் தோணியில் உட்கார்ந்திருந்தார். கரையில் ஊர் இருந்தது. இடைவெளிகளில் நடுவதற்கென்று பச்சைமுத்துவின் பக்கத்தில் ஒரு கட்டு உதிரிக் கழி மிதந்தது. இடக்கோடிக் கழியில் சிவப்புத் துணி படபடத்தது. அதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. நடக்க முடியாதவன் கோல் ஊன்றுவது மாதிரிதானே என்று தேசப்பன் சொல்லிவிட்டார்.

"இன்னா பச்சைமுத்து, எங்க தவறும்?"

"இடப்பக்கம், நைனா. வேற எங்க."

கரையில் ஒரு முணுமுணுப்பு. நல்ல தொடக்கம்.

வலப்பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தான். பெண்கள் வழக்கம்போலத் தண்ணீரில் குனிந்து கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். அங்காளம்மாளும் இறால் போடும் பறியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தடவியபடியே வந்தாள். இடக்கோடிக் கழியருகே வந்ததும் நிமிர்ந்தாள். நிதானமாகச் சிவப்புத் துணியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடி குனிந்து இறால் தடவினாள்.

ஊர் முழுக்கப் பார்த்தது. பார்க்காதவன் பச்சைமுத்து ஒருவன்தான். துளசிங்கம் வாயைத் திறந்தான். அக்காள் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி அவனை ஒரு பார்வை பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது, கொஞ்சம் இருமலும் வந்தது.

பச்சைமுத்து கட்டிக்கொண்டே போனான். கடைசிக் கழியைக் கட்டினான். தலையைத் திருப்பினான், சிவப்பு இல்லை. இன்னும் வரிசை இருக்கிறதாக்கும் என்று உதிரிக் கட்டிலிருந்து ஒரு கழியை எடுத்து நட்டான். திரும்பினான், இல்லை. இன்னொன்று நட்டான். வரிசை வளைய ஆரம்பித்தது. கரையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கால் விட்டார்கள். இன்னொன்று. இப்போது வலை கிட்டத்தட்ட தேசப்பனின் தோணியையே வளைத்துக்கொண்டிருந்தது. தேசப்பன் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அங்காளம்மாள் நிமிரவில்லை. அவள் கை தண்ணீருக்குள் எதையும் தடவாமல் அப்படியே நின்றது. இறால் ஒன்று விரலிடுக்கில் புகுந்து போனது.

பச்சைமுத்து அடுத்த கழியைத் தூக்கினான். நடவில்லை. தூக்கியபடியே நின்றான்.

"நைனா, இங்க ஒரு குறை கீது."

"இன்னா குறை?"

"செவப்பக் காணோம். செவப்பு இல்லாம எங்க நிறுத்துறதுன்னு எனக்குத் தெரியாது. கண்ணுக்கு எல்லாம் சரியாத்தான் தெரியுது. ஆனா சரியா இருக்காது. நான் தாண்டி வந்துட்டிருப்பேன். யாராச்சும் வந்து பாத்துச் சொல்லுங்க."

 ஏரி கழிகளைச் சுற்றிச் சின்னச் சின்னதாக மடங்கிக்கொண்டிருந்தது.

கருப்பன்தான் ஆரம்பித்தான். "இது எப்பிடி குறை சொன்னதாகும்? எத்தினி கழி, எங்கன்னு சொல்லல. எங்கியோ கீது, வந்து பாருன்னா?"

தேசப்பன் தோணியில் அவனைப் பார்த்துத் திரும்பினார். "நீ ஒரு நாளாவது வந்து பாருன்னு கூப்ட்டிருக்கியாடா?"

கருப்பன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தான்.

"பாடு உன்னுது. துளசிங்கம் தோணியில உனக்கு இடப்பக்கம் உக்காரட்டும். முகத்துவாரத்துப் பக்கம் அவன்தான் கோல் போடணும்" என்றார் தேசப்பன். "மொதல்ல என் தோணிய வலையிலருந்து அவுத்து விடு."

பச்சைமுத்து அப்போதுதான் முழு உடம்போடும் திரும்பினான். அங்காளம்மாள் இடுப்பிலிருந்து சிவப்புத் துணியை எடுத்துக் காட்டினாள்.

"நீதானா? நான் காத்துன்னு நெனச்சேன்."

"காத்து எடுத்துக்கினு போனா இன்னா பண்ணுவன்னு பாத்தேன்."

"பாடே போயிருக்குமே."

"போனாப் போவுது. முகத்துவாரத்துல துணி அவுந்தா அங்க வந்து நான் கட்ட முடியுமா?"

 அவன் கையிலிருந்த கழியை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். இரண்டு பேருமாக, தாண்டி நட்டதையெல்லாம் பிடுங்கினார்கள்.

பிறகு அவன் தன் பாடு முடித்துத் திரும்பிய காலை. கூடைகள் நிறைந்திருந்தன. பச்சைமுத்து கோயில் எதிரே வந்து நின்றான். குறை சொல்லத் தொடங்கினான். போகும்போது தோணி இடப்பக்கம் ஒதுங்கியது, துளசிங்கம் சத்தம் போட்ட பிறகுதான் தெரிந்தது. ஒரு முடிச்சு இளகல், அதைத் தடவித்தான் கண்டுபிடித்தான். கோடிக்கு முந்தின கழி ஆடுகிறது, ஆடுகிறதா தன் கை ஆடுகிறதா என்று சந்தேகம், அதையும் சொல்லிவைக்கிறான். திரும்பி வரும்போது ஒரு மீன் நழுவியது, அது எந்தப் பக்கம் நழுவியது என்று...

வெயில் ஏறியது. மீன் வாங்க வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். தேசப்பன் கொட்டாவி விட்டார்.

"மாமா, போதும், உட்டுடு. மீன் நாறிடும்" என்று துளசிங்கம் கும்பிட்டான்.

"இருடா, இன்னும் ஒண்ணு கீது."

ஒருவழியாக முடித்தான். "அவ்ளோதான். எனக்குத் தெரிஞ்சது இது. தெரியாதது இருந்தா நீங்க சொல்லுங்க" என்று நிமிர்ந்து நின்றான். விடிகாலையில் தோணியிலேயே பூசிக்கொண்ட திருநீறு, வலது நெற்றியில் மட்டும், வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

தேசப்பன் பார்த்தார். துளசிங்கம் பார்த்தான். கருப்பன் நன்றாகவே பார்த்தான்.

"ஒண்ணும் இல்ல" என்றார்கள். கூடையை இறக்கச் சொன்னார்கள். அங்காளம்மாள் அவன் நெற்றியைச் சரிசெய்ய முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, அவன் வீட்டுப் பக்கம் வரட்டும் என்று காத்திருந்தாள்.